நான்காம் குரலுக்கு ஓர் அறை

அன்று சமையலறையில் இருந்தவர்கள் ஆறு பேர்: வீட்டுக்காரர் நிமலராஜன், அவருடைய மனைவி சுகந்தினி, மகள் மிதுலா, முன்வீட்டு வினோதினி, எல்வ்மோ தமிழ்ச் சங்கத் தலைவர் தவயோகன், நகரசபையின் மொட்டு அதிகாரி மாலின். ஏழாவதாக ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. அன்று அங்கே இல்லாதவர்கள்தான் பிறகு அதைப் பற்றி அதிகம் பேசினார்கள்.

அவர்களைக் கூட்டியவர் நிமலராஜனே. காரணம், வீட்டின் தென்சுவரில் புடைத்துக்கொண்டு நின்ற மொட்டு.

எல்வ்மோ, கோதன்பர்க் நகரத்திலிருந்து தொடர்வண்டியில் இருபது நிமிடம். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஏரி, ஊசியிலைக் காடு, முப்பதாயிரம் சனம், அவ்வளவுதான். பிறகு வளர்மனை வந்தது. ஊசியிலை மரத்தின் உயிரணுவிலிருந்து வளர்த்தெடுக்கும் வீடு அது. அதன் சுவருக்கு உயிர் உண்டு. வீட்டில் ஆள் கூடினால் வெளிச்சுவரில் மொட்டு வைக்கும். நகரசபை குழாய் வழியே அனுப்பும் சாற்றைக் குடித்து, ஐந்து மாதத்தில் அறையாகும். ஆள் குறைந்தால் அறை சுருங்கிச் சுவரோடு சேர்ந்துவிடும். ஆள் கூடியதை வீட்டுக்குச் சொல்வது குரலெண்ணி. என்ன பேசுகிறார்கள் என்று அது கேட்காது, சட்டம் விடாது. எத்தனை குரல், எவ்வளவு நேரம் என்று மட்டும் எண்ணும்.

எல்வ்மோவில் இப்போது பாரந்தூக்கிகள் இல்லை. வீட்டுக்காகப் பத்து ஆண்டு வரிசையில் நிற்பவர்களும் இல்லை. பள்ளிக்கூடம் எங்கே வேண்டும், காலையில் எத்தனை வண்டி விடவேண்டும் என்பதையெல்லாம் மொட்டுகளை எண்ணியே முடிவுசெய்கிறார்கள். நாட்டிலேயே விரைவாக வளரும் ஊர் என்று நிலையத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு லட்சத்தைத் தொட இன்னும் முந்நூறு பேர்தான் வேண்டும்.

ஆனால் மொட்டு தெருவில் போகிற எல்லோருடைய கண்ணுக்கும் தெரியும். நிமலராஜன் வீட்டில் இருப்பது மூன்றே பேர். அதில் ஒருத்தி மணமாகாத மகள். மொட்டு தலைகாட்டிய வாரம் கோயில் பூசையில் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காததிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கதைக்கிற சனம் கதைக்கட்டும் அப்பா, எனக்கு ஒண்டும் குறையாது," என்றாள் மிதுலா. அவருக்குக் குறைந்தது. நாற்பது நாளுக்குள் அறை யாருக்கென்று பெயர் பதியாவிட்டால் நகரசபை சாற்றை நிறுத்திவிடும். மொட்டு கருகிச் சுவரில் வடுவாக நிற்கும். பெயர் சொல்ல முடியாத பிள்ளை ஒன்று வர இருந்த வீடு என்று ஊர் அந்த வடுவைக் காட்டும். முப்பத்தெட்டாம் நாள், சாட்சிகளை உட்காரவைத்துக் குரலெண்ணியின் பதிவைத் திறக்கும்படி அவர் எழுதிக் கேட்டார்.

"வினோதினி, நீர் முன்னுக்கு இரும். நல்லாக் கேளும். பிறகு ஆரும் பிழையாச் சொல்லக்கூடாது."

"ஐயோ அண்ணை, நான் ஆருக்குச் சொல்லப்போறன்?"

"ஓம், அவ ஆளாளாச் சொல்லமாட்டா. எல்லாருக்கும் ஒரேயடியாத்தான்," என்றார் தவயோகன்.

மாலின் மேசைமேல் திரையை விரித்தாள். "நிமல், நிச்சயமாகத் திறக்கவா? திறந்தால் எல்லாம்தான் தெரியும்," என்று ஸ்வீடிஷில் கேட்டாள். இந்த நாட்டில் மந்திரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நாற்பது ஆண்டுகளாகியும், யாராவது 'நிமல்' என்று கூப்பிட்டால் அவருடைய முதுகு விறைத்துக்கொள்ளும்.

"திறவுங்கள்."

"மூன்று குரல்கள் பழையவை. நான்காவது ஒன்று ஏழு மாதமாக இருக்கிறது. வேலைநாட்களில், பிற்பகல் மூன்று மணிக்கு, இதே சமையலறையில். நாற்பது நிமிடம். ஆண்குரல்."

வினோதினி உட்கார்ந்திருந்த கதிரை ஒரு சாண் முன்னே நகர்ந்தது.

மிதுலா சிரித்துவிட்டாள். "மூண்டு மணிக்கு நான் ரயில் ஓட்டிக்கொண்டிருப்பன் அன்ரி. எண்ணூறு பேர் சாட்சி. வேணுமெண்டால் நிலையத்தில கேளுங்கோ."

அத்தோடு மகள் தப்பினாள். நிமலராஜன் அந்த இடத்தில் கூட்டத்தை முடித்திருக்கலாம். அதற்குள் எல்லாக் கண்களும் சுகந்தினி பக்கம் திரும்பிவிட்டன.

"என்னை ஏன் பாக்கிறியள்? மூண்டு மணிக்கு நான் நீச்சல் குளத்தில. இந்த வயசில இப்பதான் மிதக்கப் பழகுறன்."

மிஞ்சியது ஒருவர்தான்.

"அப்ப அண்ணை, உங்களிட்டத்தான் ஆரோ வந்து போகினம்," என்றார் தவயோகன்.

"வருபவரின் பெயரைச் சொன்னால் போதும்," என்றாள் மாலின். பழைய சிநேகிதன் ஒருவனின் பெயரைச் சொன்னால் விஷயம் முடிந்துவிடும். ஆனால் சாட்சிகளைத் தாமே கூட்டிவைத்துவிட்டு அவர்கள் முன்னால் பொய் சொல்வது நிமலராஜனால் ஆகாத காரியம். அவர் எழுந்து நின்றார்.

"ஒருவரும் வருவதில்லை. அது நான்தான்."

மாலின் மறுத்துத் தலையசைத்தாள். குரலெண்ணி இரட்டைப் பிள்ளைகளையே பிரித்தறியும். அந்தக் குரலை இங்கே காட்டினால்தான் அவள் பதிவை மூடமுடியும்.

அது இனியனின் குரல். இனியன் அவருடைய ஒரே மகன், மிதுலாவின் அண்ணன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, வடக்கே ஊமியோவில் திருமணம் செய்தபோது மனைவியின் குடும்பப் பெயரைத் தனக்கும் எடுத்துக்கொண்டான். இந்த நாட்டில் அது புதுமையல்ல. ஆனால் நிமலராஜனின் வழக்கத்தில் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. பிள்ளையின் பெயருக்குப் பின்னால் நிற்பது தகப்பனின் பெயர்தான். மகன் நீக்கியது அவரையே. மகனுக்கு வேலை அதிகம், விடுமுறை கிடைப்பதில்லை என்று ஊருக்குச் சொல்லிவைத்தார். அவன் எடுக்கும் அழைப்புகளில் தாய் மட்டுமே பேசினாள்.

நிமலராஜன் மேசையில் உட்கார்ந்தார். யாரையும் பார்க்கவில்லை.

"ஏன்டா, என்ர பேர் உனக்குப் பாரமாப் போச்சோ?"

பிறகு குரல் தணிந்தது. ஸ்வீடனில் வளர்ந்த பிள்ளையின் தமிழ் வந்தது. வாக்கியத்தின் வால் மேலே எழும்பியது. சொற்கள் தேடித் தேடி வந்தன.

"பாரமெண்டு நான் எப்ப சொன்னனான் அப்பா? அவவுக்கு ஒரு பேர், எனக்கு ஒரு பேர்... அப்ப பிள்ளைக்கு எது? ஒரு வீட்டுக்கு ஒரு பேர் இருந்தால் நல்லம் எண்டு நினைச்சம். உங்களைக் கேக்காதது பிழை. மற்றது பிழை இல்லை."

திரையில் நான்காவது கோடு பச்சையாக எரிந்தது. தமிழ் தெரியாத மாலின், "இவரேதான்," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. வினோதினி கதிரையைப் பின்னே இழுத்துக்கொண்டாள். சுகந்தினிதான் கேட்டாள்.

"என்னப்பா, ஏழு மாசமா அவன்ர பக்கத்தையும் நீங்களே கதைச்சிருக்கிறியள். வாதத்தில ஆர் வெண்டது?"

நிமலராஜன் யோசித்தார். "கூடுதலா அவன்தான்."

குரல் உண்டு, ஆள் இல்லை. விதிப்படி மொட்டை வெட்டவேண்டும் என்று மாலின் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நிமலராஜன் அறைக்குப் பெயர் பதியும் படிவத்தைக் கேட்டு வாங்கினார். அரசுப் பதிவேட்டில் உள்ள முழுப்பெயரை எழுதவேண்டும். 'இனியன்' என்று எழுதியதும் பேனா நின்றது. அவர் 'லுண்ட்கிரேன்' என்று எழுதி, கீழே கையெழுத்து வைத்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு அவர் தொலைபேசியை எடுத்தார்.

மாலின் அத்தோடு விடவில்லை. ஊர் முழுவதிலும், கதவால் உள்ளே வராத குரல்களைத் தேடி, வீடு வீடாகப் போய் விசாரித்தாள். பிரிந்துபோன சிநேகிதியோடு வாதாடியவர்கள், செத்துப்போன புருஷனுக்குச் செய்தி வாசித்தவர்கள், தங்கையிடம் மன்னிப்புக் கேட்டுப் பழகியவர்கள் என்று எண்ணூற்றுப் பன்னிரண்டு வீடுகள். எல்வ்மோ பெருமையடித்த வளர்ச்சியில் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர், வராதவர்கள். நிலையத்துப் பலகையில் எண் இறங்கியது. அந்த அறைகளையெல்லாம் வெட்டவேண்டும் என்று சபையில் ஓர் உறுப்பினர் வாதாடினார். யாருடைய வீட்டில் தொடங்குவது என்று பட்டியலை வாசித்தபோது அவருடைய வீடு ஒன்பதாவதாக வந்தது. சாறு நிற்கவில்லை. பதிலாக, எண்ணூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் இரண்டு வரிக் கடிதம் போனது: 'உங்கள் வீட்டில் ஓர் அறை வளர்கிறது. அது யாருக்கென்று அவருக்கும் தெரிவியுங்கள்.' அந்தக் கோடையில் மிதுலாவின் வண்டியிலிருந்து பெட்டியோடு இறங்கியவர்கள் வழக்கத்தைவிட அதிகம். ஒரு வெள்ளிக்கிழமை இனியனும் இறங்கினான், மனைவியோடும் கைக்குழந்தையோடும்.

தகப்பன் நிபந்தனை போட்டுத்தான் கூப்பிட்டார், மகன் பழைய பெயருக்குத் திரும்பிய பிறகுதான் அறை கொடுத்தார் என்று எல்வ்மோவில் ஒரு கதை உலவுகிறது. அது பொய். நிபந்தனை எதுவும் இருக்கவில்லை. அவன் பெயர் இனியன் லுண்ட்கிரேன். அவனுடைய மகளும் லுண்ட்கிரேன்தான்.