சாரதாமணி வெளியேறும் காட்சி

ஞாயிறு மதியம், அவிநாசி ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு பனியன் கம்பெனியின் தையல் கூடத்தை ஒத்திகைக்குத் திறந்தோம். பஞ்சுத் தூசியும் மெஷின் ஆயிலும் கலந்த வாடை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன்?

நாடகம் நான் எழுதியது. கணவன், மனைவி, விவாகரத்து. கடைசியில் மனைவி பையை எடுத்துக்கொண்டு, "நான் போறேன்" என்று கதவைத் திறந்து வெளியேற வேண்டும். திரும்பி வராத போக்கு. அந்த ஒரு சொல்லில்தான் நாடகமே நிற்கிறது. மறுநாள் அரங்கேற்றம்.

மனைவியாக நடித்த டெய்லர் சாரதாமணியோ ஒவ்வொரு முறையும், "போயிட்டு வர்றேனுங்க" என்று சொல்லியே வெளியே போனாள்.

"ஏம்மிணி, நீ சந்தைக்கா போறே? தாலியவே கழட்டி வெச்சுட்டுப் போறவ, என்னத்துக்கு வர்றேங்கறே?"

"போறேன்னு சொன்னாக் கதவு தொறக்க மாட்டேங்குதுங்ணா."

கணவனாக நடித்த அந்தோணிராஜ் சிரித்தான். "எங்க வீட்டுலயும் அப்படித்தாண்ணே. போறேன் போறேன்னுதான் சொல்லுறா, போனபாடில்ல."

எரிச்சலில் நானே பையைப் பிடுங்கினேன். "நான் போறேன்!"

கதவு அசையவில்லை.

தாழ்ப்பாளே இல்லாத கதவு. தோளால் இடித்தேன். அந்தோணிராஜும் இடித்தான். சுவரை இடித்த மாதிரி இருந்தது.

பின்னால், உறை போட்டு மூடிய மெஷின் வரிசையில் ஒன்று மட்டும் ஓடி நின்றது. கரண்டைத் துண்டித்து வருஷக்கணக்கான கூடம் அது.

யாரோ ஸ்டூலை நகர்த்தி எழுந்தார்கள்.

"சொல்லிருங்ணா," சாரதாமணி கிசுகிசுத்தாள். "சொல்லாட்டி வுடாதுங்ணா."

நூல் வியாபாரத்தில் பேரம் பேசியே நரைத்தவன் நான். வாயால் ஒத்துக்கொண்டு நழுவுவது எனக்குப் புதிதா?

"போயிட்டு வர்றேன்."

கதவு தானாகத் திறந்தது. மூவரும் சொல்லிவிட்டே வெளியேறினோம். மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

மறுநாள் கல்யாண மண்டப மேடை. கதவுக்குப் பதிலாக ஒரு துணித் திரை. அதன் பின்னால் நான் தனியாக நின்றிருந்தேன். "நான் போறேன்" என்று சாரதாமணி அழுத்தம் திருத்தமாகச் சொன்னது கேட்டது. சபை மூச்சடக்கியது. பட்ட பாட்டுக்குப் பலன் என்று நினைத்தேன்.

திரை விலகவில்லை.

ஃபேன் காற்றில் நெளிந்துகொண்டிருந்த துணி, மதிலாக விறைத்து நின்றது. அந்தப் பக்கமிருந்து அவள் தள்ளினாள். இரு கைகளாலும் அறைந்தாள்.

நல்ல நடிப்பென்று கைதட்டினார்கள்.

என் காதோரம், மிக மரியாதையாக, ஒரு பெண் குரல்:

"வர்றேன்னு சொல்லீட்டுப் போனீங்க. காணமேன்னு நானே வந்துட்டனுங்க."