விளிம்பு வரை

ஓராஸ் பாதிதான் ஊற்றினான். பிளாஸ்க்கை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவனுடைய கிண்ணம் விளிம்பு வரை நிறைந்திருந்தது.

ஜீப்பின் பானட் மேல் விரித்த துணியில் மூன்று கிண்ணங்கள். மற்ற இரண்டும் அவன் ஊற்றிய அளவிலேயே இருந்தன. ஒரு நாள் சுற்றிப் பார்க்க அவன் ஜீப்பைப் பேசிக்கொண்டு அல்மாட்டியிலிருந்து வந்திருந்த புதுத் தம்பதி, ஐசுலுவும் தாமிரும், ஐம்பது அடி தள்ளி உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தாக்கு முழுக்க ஆள் உயர உருண்டைகள். அவற்றின் நிழல்கள் எல்லாம் காலை வெயிலில் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. காற்று இல்லை, பூச்சிச் சத்தம்கூட இல்லை. கிண்ணத்தில் பால் தேநீர் விளிம்பை விட ஒரு நூல் மேலே எழும்பி, சிந்தாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிண்ணத்தை நிரப்பிக் கொடுப்பதில்லை. கொஞ்சமாக ஊற்றினால், இரு, மறுபடி ஊற்றுகிறேன், உன்னோடு இன்னும் பேச வேண்டும் என்று அர்த்தம். நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும்.

கவனமில்லாமல் ஊற்றியிருப்பேன் என்று ஓராஸ் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அதை மண்ணில் கொட்டினான். மண் சட்டென்று உறிஞ்சிக்கொண்டது. ஈர ஆட்டுத்தோலின் நாற்றம் ஒன்று மூக்குக்கு வந்து போனது. அந்தப் பள்ளத்தாக்கில் மழை பெய்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

"அண்ணே, கடைசியா அந்தப் பழைய சத்திரம்தானே?" ஐசுலு ஓடி வந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

"அங்க என்னம்மா இருக்கு? நாலு சுவரு. அதுலயும் ரெண்டு விழுந்துடுச்சு. வேணும்னா கடல் பக்கம் போவோம், மீன் சாப்பிடலாம்."

"மாமனார் வந்தா சிகரெட்ட மறைக்கிற மாதிரி மறைக்கிறாரு பாரு," என்றான் தாமிர். "இவ அந்தச் சத்திரத்தப் படத்துல பாத்துட்டுத்தாண்ணே இங்கயே வந்தா. அதக் காட்டலன்னா ராத்திரி என்னைத்தான் திட்டுவா."

ஓராஸும் சிரித்துவைத்தான். இரண்டு வருடமாக வருகிறவர்களையெல்லாம் ஏதேதோ சொல்லி அந்தச் சத்திரத்துப் பக்கம் போகாமல் திருப்பி அழைத்து வந்திருக்கிறான். பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது என்பான், பாம்பு இருக்கிறது என்பான். இந்தப் பெண்ணிடம் எதுவும் எடுபடவில்லை.

நடுப்பகலில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்குக் கீழே மறுபடி துணி விரித்தான். இந்த முறை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே தன் கிண்ணத்தில் இரண்டு விரல் அளவு ஊற்றினான். ஐசுலு ரொட்டியைப் பிய்த்து நீட்டினாள். அதை வாங்க ஒரு நொடி திரும்பினான். அவ்வளவுதான்.

"என்னண்ணே இது?" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்கள நீங்களே தொரத்திக்கிறீங்களா?"

அவன் முகம் சூடாயிற்று. பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது வெட்கம். அந்த நிறைந்த கிண்ணத்தை ஒரு பெண் பார்த்துவிட்டாள் என்பதே, யாரோ அவன் சட்டையை நாலு பேர் முன்னால் உருவிவிட்ட மாதிரி இருந்தது.

ஏனென்றால் அப்படி ஒரு கிண்ணத்தை அவன் முன்பு ஒரு முறை ஊற்றியிருக்கிறான். தெரிந்தே ஊற்றினான்.

இரண்டு வருடம் முன்பு, நவம்பர் கடைசி. மூன்று வெளிநாட்டுக்காரர்களை அழைத்துக்கொண்டு அந்தச் சத்திரத்துக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்திருந்தான். பொழுது சாய்கிற நேரம் பனியும் மழையும் கலந்து அடிக்க ஆரம்பித்தபோது, வெளியே இரண்டு தடவை இருமிவிட்டு ஒரு கிழவர் உள்ளே குனிந்து வந்தார். ஆக்குதுக் ஊர் கொய்ஷிபாய். பெண் ஒட்டகம் ஒன்று காணாமல் போய், தேடி வந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டதாம். தோல் கோட்டு நனைந்து கனத்துத் தொங்கியது. ஒட்டக நாற்றமும் ஈரத்தோல் நாற்றமும் அந்தச் சின்னக் கூடாரத்தை நிறைத்துவிட்டன. வெளிநாட்டுக்காரர்களில் ஒருத்தி கழுத்துத் துணியை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள். ஓராஸுக்கு அவமானமாக இருந்தது. வெட்கப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் வெட்கப்பட்டான். போங்கள் என்று சொல்லவில்லை. கிண்ணத்தை எடுத்தான். விளிம்பு வரை ஊற்றி நீட்டினான்.

கிழவர் அந்தக் கிண்ணத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஓராஸைப் பார்க்கவில்லை. பிறகு லேசாகச் சிரித்தார். எழுந்து நின்றபடியே முழுவதையும் குடித்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி முகத்தைத் தடவி, "உன் வீட்ல எப்பவும் ஒரு விருந்தாளி இருக்கணும், தம்பி," என்று வாழ்த்திவிட்டு வெளியே போனார்.

மார்ச்சில் பனி கரைந்தபோது ஆடு மேய்க்கிறவர்கள் அவரைக் கண்டார்கள். சத்திரத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், கூடாரம் இருந்த இடத்திலிருந்து நாற்பது தப்படியில், முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். வழி தெரியாமல் திரும்பி வந்திருக்கிறார். போகச் சொன்ன இடத்தில் மறுபடி கேட்கவில்லை. உள்ளே அவர்கள் சிரித்துப் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும்.

ஓராஸ் சாவு வீட்டுக்கும் போனான். சாவு விருந்துக் கறியும் சாப்பிட்டான். அவருடைய மனைவி பதிமா அவனுக்குப் பாதிப் பாதியாகத் திரும்பத் திரும்பத் தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அந்தச் சமயத்துல நீ அந்தப் பக்கம்தானேப்பா இருந்த? அவரப் பாக்கலியா?"

"இல்லம்மா," என்றான், அவள் வீட்டு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

மூன்று மணிக்குச் சத்திரம் வந்தது. கூரை விழாமல் நின்றது ஒரே ஒரு அறைதான். அதற்குள் குளிர்ச்சியும் வவ்வால் எச்சத்தின் வாடையும் பழைய புகைக்கரியும் இருந்தன. ஐசுலு ஒவ்வொரு செங்கல்லாகத் தடவிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். கிளம்பலாம் என்று ஓராஸ் மூன்றாவது முறை சொன்னபோது கிழக்கே வானம் பழுப்பாகி, தரையோடு தரையாக ஒரு நீண்ட இரைச்சல் எழும்பி வந்து, வாசலை மண்ணால் மூடிவிட்டது. பத்தடியில் நிற்கிற ஜீப் தெரியவில்லை.

"நல்லா மாட்டினோம்," என்றான் தாமிர், சந்தோஷமாக. "தேநீர் இருக்குல்லண்ணே?"

இருந்தது. ஓராஸ் துணியை விரித்தான். கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

வெளியே யாரோ இருமினார்கள். இரண்டு தடவை.

காற்றுக்கு நடுவிலும் அது தெளிவாகக் கேட்டது. பிறகு நாற்றம் வந்தது. ஈரத்தோல். ஒட்டகம். வாசலில் மண் கொஞ்சம் கறுத்து, குனிந்து, உள்ளே வந்தது.

"அய்யோ, தாத்தா!" ஐசுலு துள்ளி எழுந்தாள். "இந்தக் காத்துல நடந்தா வந்தீங்க? வாங்க, வாங்க, மேல் பக்கம், பெரியவங்க எடத்துல உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். ஓராஸ் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளை மட்டும் பார்த்தான். நகங்கள் நீலம். தோல் கோட்டின் கைமடிப்பில் வெள்ளையாகப் பனி. அக்டோபர் மாதம். பனி கரையவில்லை.

"ஊத்துங்கண்ணே," என்றாள் ஐசுலு.

இது ஒரு வாய்ப்பு என்று அவனுக்குத் தோன்றியது. அந்தப் பயத்திலும் தோன்றியது. கொஞ்சமாக ஊற்றினால் போதும். இரு என்று சொன்னால் போதும். கிண்ணத்தை எடுத்தான். இரண்டு விரல் அளவு. அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை. பிளாஸ்க்கை நிமிர்த்தினான்.

தேநீர் ஏறியது.

பிளாஸ்க் நிமிர்ந்துதான் இருந்தது. கிண்ணத்தில் ஏறிக்கொண்டே இருந்தது. பாதி. முக்கால். விளிம்பு. அதற்கு மேல் ஒரு நூல்.

கிழவர் கிண்ணத்தையே பார்த்தார். லேசாகச் சிரித்தார். எழுந்து நின்று குடித்தார். கைகளை ஏந்தி முகத்தைத் தடவினார். "உன் வீட்ல எப்பவும் ஒரு விருந்தாளி இருக்கணும், தம்பி."

போய்விட்டார்.

ஐசுலு வெறும் கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு ஓராஸைப் பார்த்தாள். "நீங்க எல்லாம் என்ன மனுஷன்?" என்றாள் மெதுவாக. தாமிர் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடினான். அரை நிமிடத்தில் திரும்பி வந்தான்.

"சுவருக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்காரு. கூப்பிட்டா வர மாட்டேங்கிறாரு. ஒரு தடவ போகச் சொன்ன எடத்துக்கு எப்படி மறுபடி வர்றதுங்கிறாரு. நீங்களே வந்து கூப்பிடுங்கண்ணே."

ஓராஸ் எழுந்திருக்கவில்லை. கால்கள் வரவில்லை என்று சொல்லலாம். அவற்றை அவன் எழச் சொல்லவே இல்லை என்பதுதான் உண்மை.

காற்று நின்றபோது சுவருக்குப் பின்னால் யாரும் இல்லை. ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத் தரை ஈரமாக இருந்தது. அரை மணி நேரம் ஜீப்பில் சுற்றித் தேடினார்கள்.

"ஏதாவது வண்டி ஏத்திட்டுப் போயிருக்கும்," என்றான் ஓராஸ்.

"அவரு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" ஐசுலு கேட்டாள்.

"தெரியாதும்மா."

அதற்குப் பிறகு அவர்கள் அவனிடம் பேசவில்லை. வண்டியில் ஓட்டுகிறவனே இல்லாத மாதிரி தங்களுக்குள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

ஆக்குதுக் வழியாகத்தான் பாதை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தூரத்திலேயே பதிமா தெரிந்தாள், கேட்டுக்குப் பக்கத்தில், மேய்ச்சலிலிருந்து வரும் ஒட்டகங்களுக்காக நின்றுகொண்டிருந்தாள். இன்று சொல்லிவிடுவேன் என்று நினைத்தான். இறங்கி, அம்மா, அவர் என்னிடம்தான் வந்தார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், ஒரு வரி. கால் பிரேக்கைத் தொட்டது. அவள் ஜீப்பை அடையாளம் கண்டு கை தூக்கினாள். "ஓராஸு! இறங்கு, ஒரு வாய் தேநீர் குடிச்சிட்டுப் போப்பா!"

பின்னால் ஐசுலு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் எப்படிச் சொல்வது?

மரியாதைக்கு ஒரு ஹாரன் அடித்தான். போய்விட்டான்.

ஓராஸின் ஊரில், தங்கும் விடுதியில் இறங்கியவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் வீடு ஊர்க் கடைசியில். ஜன்னலில் வெளிச்சம். எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை வாசனை. மகள் இங்காரின் சிரிப்புச் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அழுகை வந்தது. சௌலேயிடமாவது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். மனைவிதானே.

வாசலில் ஒரு ஜோடி பழைய பூட்ஸ். நனைந்தது. மேலே பனி.

கதவைத் திறந்தான்.

துணி விரித்திருந்தது. மேல் பக்கம், மரியாதைக்குரியவர்கள் உட்காரும் இடத்தில், அவர். தோல் கோட்டோடு. அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டு இங்கார். சௌலே அவருக்குப் பாதிக் கிண்ணம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஓராஸைப் பார்த்தாள். தெரியாத ஆட்களுக்கென்று வைத்திருக்கும் சிரிப்பு ஒன்று அவளிடம் உண்டு. அதைச் சிரித்தாள்.

"வாங்கண்ணே. வழி தவறிட்டீங்களா?"

சௌலே, நான்தான். அதைச் சொல்ல வாயெடுத்தான்.

அவள் இன்னொரு கிண்ணத்தை எடுத்தாள். ஊற்றினாள். நிறுத்தவில்லை. இரண்டு கையாலும் ஏந்தி, சிந்தாமல், அவனிடம் நீட்டினாள்.

"அம்மா, அந்த மாமா ஏன் நின்னுக்கிட்டே இருக்காரு?" என்றது குழந்தை.

நின்றபடியே குடித்தான். சூடு தெரியவில்லை. கதவு அவனுக்குப் பின்னால் மெதுவாக மூடியது. "தாத்தா, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று உள்ளே சௌலே கேட்பது கேட்டது.

வெளியே பனியும் மழையும் கலந்து அடிக்க ஆரம்பித்திருந்தது. ஜீப் நின்ற இடத்தில் ஜீப் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சுற்றிப் போய், காற்றுக்கு மறைவாக, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். உள்ளே பேச்சு. கரண்டிச் சத்தம். இங்கார் சிரித்தாள். ஒரு தடவை கதவைத் தட்டிப் பார்க்கலாம்.

எப்படித் தட்டுவது?

சட்டைக் கையில் பனி விழுந்துகொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அது கரையவில்லை.