ஒழித்து வைத்த கல்மேடை

"...புதுசா ஒருத்தர் செத்தா, ஏற்கெனவே படுத்திருக்கிறவரோட எலும்பையெல்லாம் கூட்டி அந்தக் குழியில தள்ளிடுவாங்க. அப்புறம் இவருக்கு எண்ணெய் தடவி அந்த இடத்துல படுக்க வைப்பாங்க. ஒரே குடும்பம், ஒரே குழி."

"டெல் அவிவ்ல வாடகைக்கு இருக்கிற மாதிரியே இருக்கு," என்றான் அசாஃப்.

ஒர்னா சிரித்தாள். யூதா மலைச்சரிவில், இரண்டாயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன், எசேக்கியா ராஜா காலத்தில் குடைந்த கல்லறைக்குள் அக்காவும் தம்பியும் தவழ்ந்து வந்திருந்தார்கள். மூன்று பக்கமும் கல்மேடைகள். ஒவ்வொன்றிலும் தலை வைக்க ஒரு பள்ளம். மூன்றிலும் எலும்புகள். இடப்பக்க மேடைக்கு அடியில் அந்தக் குழி.

அகழாய்வில் மனித எலும்பு தென்பட்டால் தோண்டுவதை நிறுத்தி அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால், செத்தவர்களைத் தொடக் கூடாதென்று கறுப்புத் தொப்பி போட்ட யூத மதப்பற்றாளர்கள் வந்து வாசலில் உட்கார்ந்து ஜெபிப்பார்கள். கடைசியில் மண்ணைப் போட்டு மூட வேண்டியதுதான். அதனால் ஒர்னா யாரிடமும் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை, அகழாய்வுக் குழுவில் எல்லோரும் சனிக்கிழமை ஓய்வுநாளுக்கு வீடு திரும்பியதும், படம் எடுக்கத் தம்பியை மட்டும் கூட்டி வந்தாள்.

திரும்பும்போது வாசல் பாறை சரிந்தது. அசாஃபின் தொடையைக் கிழித்துக்கொண்டு விழுந்து வழியை அடைத்தது.

ஞாயிறுவரை அந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். போனில் சிக்னல் இல்லை. கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. தன் சட்டையைக் கிழித்துக் காயத்தைக் கட்டிய ஒர்னா, பேட்டரி தீராமலிருக்க டார்ச்சை அணைத்தாள்.

இருட்டில் முதலில் வாசனை வந்தது. ஒலிவ எண்ணெய்.

பிறகு சத்தம்.

யாரோ உள்ளங்கையால் தானியத்தைக் கூட்டித் தள்ளுவதுபோல. பொறுமையாக, மரியாதையாக.

"நீயா அக்கா?"

"நான் உன் கையைத்தான் பிடிச்சிருக்கேன்."

குழிக்குள் ஏதோ சலசலவென்று உதிர்ந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

டார்ச்சைப் போட்டாள்.

இடப்பக்க மேடை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. தலைப்பள்ளத்தில் எண்ணெய் மினுங்கியது.

மற்ற இரண்டு மேடைகளிலும் எலும்புகள் அப்படியே கிடந்தன.

ஒருவருக்கு மட்டும்தான் இடம்.

கட்டுத்துணியையும் மீறி ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. காலை உயர்த்திப் படுக்க வைத்தால் ஒருவேளை நிற்கும். தரை முழுக்கக் கூர்கூரான கல். நீட்டிப் படுக்க அந்த மேடையை விட்டால் வேறு இடமில்லை.

ஒர்னா தம்பியின் அக்குளுக்குள் கை கொடுத்தாள். அவன் உடம்பு சில்லிட்டிருந்தது. அவள் கண் போன திசையை அவனும் பார்த்தான்.

"இப்படியே உக்காந்திருக்கேன் அக்கா," என்று முணுமுணுத்தான். "என்னை அங்க படுக்க வைக்காத."