செத்த புட்டி

ஏழாவது புட்டியின் ரப்பர் மூடி உப்பியிருந்தது.

மற்ற ஆறும் உப்பியிருந்தால் ரன்வெய்க் கவலைப்பட்டிருக்க மாட்டாள். அவற்றில் இருந்தது உயிருள்ள சேறு. ஆர்க்டிக் கடலின் அடியில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கியும் தின்றும் பிழைத்துக் கிடக்கும் கறுப்புச் சேறு. ஏழாவதில் இருந்ததை அவளே வேகவைத்துக் கொன்றிருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செத்த புட்டி வேண்டும். செத்தது சும்மா கிடந்தால்தான் மற்றதெல்லாம் உயிரின் வேலை என்று நம்புவார்கள். அது கெட்டால் ஆய்வே கெட்டது. வார்டோ ஊர் மீன் ஆலையில் நின்றே கால் வீங்கிப்போனவளின் மகளான அவளுக்கு இன்னொரு கப்பல் பயணத்தை யாரும் தூக்கிக் கொடுக்கப் போவதில்லை.

நண்பகல்தான். வட்டச் சன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. சூரியன் போய் வாரக்கணக்காகிறது. பனிப்பாளம் கப்பலின் விலாவை உரசிக்கொண்டு போகும் நறநறப்பும், கீழே எந்திரம் முனகுவதும், சாப்பாட்டு அறையிலிருந்து இறங்கிவரும் வாஃபிள் மணமும், அதையும் அமுக்கிக்கொண்டு எழும் சேற்றின் அழுகிய முட்டை நாற்றமும் குளிரறையில் கலந்து கிடந்தன.

பேராசிரியர் ஸ்டூர்லா வாசலில் நின்றே எட்டிப் பார்த்தார். கையில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிள். இந்தக் கப்பலில் பேராசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். எதிர்த்துப் பேசிப் பார்த்தால் தெரியும் அந்தச் சமத்துவம்.

"செத்தது வாயு விடுதா? நீ ஒழுங்கா கொல்லல."

"ரெண்டு தடவை வேகவச்சேன், ஸ்டூர்லா."

"வார்டோக்காரங்க மீனையாவது ஒழுங்கா வேகவைப்பீங்களா?"

"புட்டியில நிரப்ப நைட்ரஜன் தீர்ந்துபோச்சுன்னு சொன்னேன். வாயால ஊதி மூடுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"செத்த சேறு. உன் மூச்சைத் தின்னவா போகுது?" அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஊசி குத்தி வாயுவை இறக்கு. காபி குடிச்சிட்டு வந்து பாக்கறேன். உன் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடு."

கதவு சாத்திக்கொண்டது.

அவள் ஊசியை எடுத்தாள். முனை ரப்பரைத் தொட்டதும் மார்பெலும்புக்குக் கீழே சுருக்கென்றது. எடுத்தாள். வலி போனது. மறுபடி தொட்டாள். அதே இடம்.

ஊசியை மேசையில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். தூக்கம் கெட்டதால் வரும் கிறுக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தாள்: மூடி தாழ்ந்திருந்தது. பிறகு மெல்ல, யாரோ அடியிலிருந்து விரலால் நெம்புவதுபோல, உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது. அவசரமே இல்லை. குளிரில் அவள் வாயிலிருந்து வெண்புகை வெளியேறும்போதெல்லாம் தாழ்ந்தது. அவள் இழுக்கும்போதெல்லாம் எழுந்தது.

வேண்டுமென்றே மூச்சை அடக்கினாள்.

மூடி உப்பியபடியே நின்றது.

பனிப்பாளத்தின் நறநறப்பு நின்றுவிட்டிருந்தது. காது அடைத்தது. போதும் என்று மூச்சை விடப் பார்த்தாள்.

வரவில்லை.

நெஞ்சு நிறைந்து கிடந்தது. தொண்டை திறந்திருந்தது. ஒன்றும் நகரவில்லை. எழ முயன்றாள். கால் கேட்கவில்லை. கை மடியில் கிடந்தது, வேறொருத்தியின் கைபோல. கறுப்புச் சேறு கண்ணாடியோரம் ஒரு மயிரிழை ஏறியது.

கதவு திறந்தது.

"இன்னும் இறக்கலையா?" ஸ்டூர்லா அவளைப் பார்க்கவே இல்லை. புட்டியைத்தான் பார்த்தார். "எப்படி உப்பியிருக்கு பாரு. வெடிச்சா மத்த ஆறும் போச்சு."

வேண்டாம் என்று கத்தினாள். உதடுகூட அசையவில்லை.

"இப்பவாவது வாயை மூடிட்டு இருக்கியே. சந்தோஷம்."

ஊசியை எடுத்தார். விளக்குக்கு நேரே புட்டியைத் தூக்கிப் பிடித்தார். குத்தினார்.

சீறல்.

மூடி தட்டையானது. சீறல் நிற்கவில்லை. மூடி குழிந்தது. அப்போதும் நிற்கவில்லை.

"இத்தனூண்டு புட்டிக்குள்ள இவ்வளவா?" அவர் ஊசியை இன்னும் ஆழமாக இறக்கினார்.

அவருடைய முதுகுக்குப் பின்னால், முக்காலியில் நேராக உட்கார்ந்திருந்தவளின் கம்பளிச் சட்டை, கழுத்துக்குக் கீழே, நெஞ்சோடு சேர்ந்து சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. வரிசையில் மற்ற ஆறு மூடிகளும் ஒன்றாக எழுந்தன.