நீலக் குறி

படுக்கையறைக் கண்ணாடிக்கு முன்னால், தரையில், நீலச் சாக்குக்கட்டியால் போட்ட சிலுவைக் குறி மறுபடியும் இருந்தது. காலையில்தான் மோட் அதை ஈரத்துணியால் துடைத்திருந்தாள்.

ஸ்டுடியோவில் ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு நிறம். நிற்க வேண்டிய இடத்தில் அந்த நிறத்தில் குறி போடுவார்கள். லெனோர் ஹாலிஸுக்கு நீலம். குனிந்து பார்க்காமலே அவள் பாதம் குறியில் போய் நிற்கும். நின்றால் இயக்குநர் 'கட்' சொல்லும்வரை அசையாது. ஒருமுறை மேலே கட்டியிருந்த விளக்கு அறுந்து தோளருகே விழுந்தபோதும் வசனத்தை முடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள். பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. இப்போது அம்மா வேடத்துக்குக்கூடக் கூப்பிட நாதியில்லை. மலைச்சரிவில் இந்த வீடும் பழைய ஒப்பனைக்காரி மோடும்தான் மிச்சம். வெளிச்சத்துக்கான ஏக்கம் மட்டும் அவளை விடவில்லை.

முதல் குறி சமையலறையில் வந்தது, அடுத்தது மாடிப்படியில். யாரோ குறும்புக்காரன் வேலை என்று மோட் பூட்டை மாற்றிப் பார்த்தாள். குறிகள் நிற்கவில்லை. இருட்டுவதற்குள் பாசடீனாவிலுள்ள தன் தங்கை வீட்டுக்குப் போய்விடலாம் என்று இன்று பிடிவாதமாகக் காரை வெளியே எடுத்துவிட்டாள். தொப்பியை மறந்துவிட்டேன் என்று லெனோர்தான் திரும்பி மாடி ஏறினாள்.

"இன்னிக்காவது கீழ பாத்து நடங்க, மிஸ் ஹாலிஸ்," என்றிருந்தாள் மோட். "குறியைக் கண்டா உங்க காலு லாயத்தைக் கண்ட குதிரை."

பார்த்துத்தான் நடந்தாள். நீலக் குறிக்கு ஓரடி பின்னால் புதிதாக ஒரு சிவப்புக் குறி. அவளோடு நடித்த யாருக்கும் சிவப்பு கொடுத்ததில்லை. தொப்பி கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு போய் எடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் மரங்களின் சலசலப்பு அடங்கி, சூடேறிய விளக்கில் தூசி கருகும் அந்தப் பழைய வாசனையும் முகப்பவுடர் மணமும் அறையில் நிறைய, மேலேயிருந்து மெல்லிய ரீங்காரத்தோடு வெளிச்சம் இறங்கியது.

எத்தனை வருஷம் ஆயிற்று.

கால் நகர்ந்தது. நின்றது. நீலத்தின் மேல்.

ஷாட் தொடங்கும்போது கேட்கும், கட்டையோடு கட்டை அடிக்கும் சத்தம். அமைதி. பின்னால் ஒரு காலடி.

குளிர்ந்த விரல்கள் அவள் தாடையைப் பிடித்து, கேமராவுக்கு அழகான இடப்பக்கமாகத் திருப்பின. திரும்பினாள்.

கீழே ஹாரன் அடித்தது. மோட் கூப்பிட்டாள். லெனோரின் கால் குறியை விட்டு அசையவில்லை.

படியில் செருப்புச் சத்தம். கதவு திறந்தது. மோட் அறையைச் சுற்றிப் பார்த்தாள். லெனோரின் முகத்துக்கு நேராகவும் பார்த்தாள்.

"இங்கயும் காணோமே," என்றாள்.

நீலக் குறியைக் கண்டு முணுமுணுத்துக்கொண்டே குளியலறையிலிருந்து ஈரத்துணி கொண்டுவந்து மண்டியிட்டாள். துணி லெனோரின் பாதங்கள் இருந்த இடத்தில் தடையில்லாமல் போய்வந்தது. அவள் காலில் ஈரம் படவில்லை. நீலம் முழுக்க அழிந்தது. சிவப்பு மோடின் கண்ணில் படவேயில்லை. அதன் மேல் யாரோ கால் மாற்றி நின்றார்கள்.

மோட் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

யாரும் 'கட்' சொல்லவில்லை.