கிழமைகளைத் தலைகீழாகச் சொன்னவர்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இனி நான் உண்கிற சோறு எனக்குச் செரிக்காமல் போகட்டும்.

மருமகள் கேட்டதற்கெல்லாம் மாமனார் சரியாகத்தான் பதில் சொன்னார். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால், பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சை எட்டிப் பார்ப்பவரைப் போல, அவளுடைய தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

மருமகள் அதே மருத்துவமனையில் நர்ஸ். இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாகத் தெளிந்திருந்தவர் காலையில் திடீரென்று உளறத் தொடங்கியதும், வயதாகிவிட்டது, மூளை மங்கிவிட்டது என்று மாமியார் மூக்கைச் சிந்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இவளால் அப்படி விட முடியவில்லை. பயிற்சி வகுப்பில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: மறதி நோய் மெல்ல மெல்ல வரும், வந்தால் போகாது, டெலிரியம் என்கிற மனக்குழப்பம் திடீரென்று வரும், காரணத்தைப் பிடித்து வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இது டெலிரியமாக இருந்துவிட வேண்டும். பெற்ற அப்பாவைவிடப் பிரியமாக இருந்த மனிதர் திரும்பி வந்துவிட வேண்டும்.

டெலிரியம் என்றால் கவனம் நிற்காது, கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னால் தடுமாறுவார்கள். இவர் ஞாயிறிலிருந்து திங்கள்வரை வழுக்கிக்கொண்டு வந்தார். அப்படியென்றால் இது டெலிரியம் இல்லையா?

"யாரைப் பாக்கறீங்க மாமா?"

"உன் பின்னாடி நிக்கிறாரும்மா. அவர்தான் எடுத்துக் குடுக்கறாரு." ரிட்டயரான பஸ் கண்டக்டர், குரலைத் தாழ்த்தினார். "டிக்கெட் எடுக்கல. நானும் கேட்டுக்கல."

அப்பாடா, இல்லாததைப் பார்க்கிறார், டெலிரியம்தான் என்று அவளுக்கு உயிர் வந்தது. இப்படிச் சொல்கிறவர்களிடம் மறுக்கவும் கூடாது, ஆமாம் போடவும் கூடாது என்பது வகுப்புப் பாடம். ஆனால் அந்தப் பிசகாத பதில்கள் முள்ளாகக் குத்தின. சாயங்கால வெளிச்சம் காலிக் கட்டில்களின் இரும்பில் பழுத்துக் கிடக்க, மின்விசிறி தலைக்குமேல் முனகிக்கொண்டிருக்க, டெட்டால் வாசனைக்கு அடியிலிருந்து ஈரத்துணி மட்கியதுபோல ஒரு நாற்றம் தன் பிடரிப் பக்கமாகவே எழுவதை உணர்ந்தபடி, அவள் வகுப்பில் யாருமே சொல்லித்தராத காரியம் ஒன்றைச் செய்தாள். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மூன்று விரல்களை நீட்டினாள்.

"எத்தனை விரல் மாமா?"

தோளுக்குப் பின்னால் பார்த்தார். "மூணு."

குருட்டாம்போக்கு. அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டை மடக்கினாள்.

"ஒண்ணு."

வெளியே தாழ்வாரத்தில் கேட்ட இருமல் நின்றது. விசிறியும்.

"ரெண்டு" என்றார்.

அவள் விரலை அசைக்கவில்லை.

மடங்கியிருந்த ஒரு விரல் நிமிர்ந்திருந்தது. யாரோ நிமிர்த்தியிருந்தார்கள். கை விறைத்துப்போன நோயாளிக்கு அவள் தினமும் செய்வாளே, அதே பக்குவத்தில். வலிக்காமல். பொறுமையாக.

"மூணு."

சில்லென்று. ஈரமாக.

"நாலு. அம்மாடி, திரும்பிடாதே. அவர் குனியறாரு."

காதோரம் மூச்சு.

சிறுநீரில் கிருமி இருந்ததாம். மருந்து கொடுத்ததும் மாமனார் பழையபடி தெளிந்துவிட்டார், அன்றைய சாயங்காலம் மட்டும் அவருக்குத் துளியும் நினைவில்லை. வேறு யாரும் அங்கே இல்லை, மருமகளோ அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசியதும் கிடையாது, எழுதியதும் கிடையாது. நான் சோறு உண்டும் வெகு காலமாகிறது.