ஏசி அறையின் அழைப்பு மணி

“குடையை வெளியில வையுங்கோ! மேசை முழுக்கத் தண்ணி...”

யதுஷா திடுக்கிட்டாள். கொழும்பு வெள்ளவத்தையில் மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு எலெக்ட்ரோனிக் ரிப்பேர் கடை. அப்படி ஏசிய கடைக்காரன் தயாபரனின் கண்களில் கோபத்தைவிடக் களைப்புத்தான் அதிகம்... அழகான கண்கள்.

“அம்மாட மணி...” பையிலிருந்து சின்னப் பெட்டியொன்றை எடுத்து வைத்தாள். பக்கவாதத்தில் பேச்சிழந்த அம்மாவுக்கு அவளே செய்த அழைப்பு மணி. கட்டிலில் பட்டனை அமத்தினால் சமையலறையில் ஒலிக்கும். நேற்றிலிருந்து ஒலிக்கவில்லை.

“சிப் செத்துப்போச்சு,” என்றான் திறந்து பார்த்து. “பட்டன் வயர் நேரா சிப்புக்குள்ள போகுது. சத்தம் போடுற பஸர் பக்கமும் அப்பிடித்தான். கையில இருக்கிற ஸ்டாட்டிக் மின்சாரம் ஒருக்காப் பாய்ஞ்சாக் காணும், சிப் போயிடும். ஆர் இந்த வேலை பாத்தது?”

“நான்தான். எஞ்சினியர்.” முகம் சுட்டது. “இந்தக் கடல்காத்து ஈரத்தில ஸ்டாட்டிக் எப்பிடி வரும்?”

“அம்மாட அறையில ஏசி ஓடிக் காத்துக் காயுதோ? நைலோன் விரிப்போ?”

இரண்டும் உண்மை. ஆனால் இவனிடம் ஒப்புக்கொள்வதா?

“சிப்பை மட்டும் மாத்துங்கோ. காணும்.”

மாற்றிக் கொடுத்தான்.

ஐந்தாம் நாள், அம்மாவைப் பக்கத்து வீட்டு றலியாவிடம் விட்டுவிட்டு, நனைந்தபடி வந்து நின்றாள்.

“திரும்பச் செத்துப்போச்சு. அம்மா ஒரு மணித்தியாலமா அமத்திக்கொண்டு கிடந்திருக்கிறா... ஈர விரிப்பில, அழுதுகொண்டு. நான் சமையலறையிலதான் நிண்டனான்.” பெட்டியை அவனிடம் நீட்டினாள்.

‘அப்பவே சொன்னனான்’ என்று அவன் சொல்லவில்லை. புதுச் சிப் பூட்டினான். வயர் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு ரெசிஸ்டர். பாய்ந்துவரும் மின்னைச் சிப்பைத் தொடவிடாமல் திருப்பிவிட ஒரு டயோட். பஸர் பக்கத்திலும் அப்படியே. பத்து நிமிட வேலை.

“இது உங்களுக்குச் செய்யத் தெரியாத வேலையில்லையே... பிறகேன் இந்த மழைக்குள்ள வந்தனீங்கள்?”

பொய் சொல்லத் தெம்பில்லை அவளுக்கு.

“தெரியும். டயோட் வீட்டிலேயே கிடக்கு.” தலை குனிந்தது. “ஒரு வருசமா எங்கட வீட்டில நான் மட்டும்தான் கதைக்கிறன். பிழையைப் பிழை எண்டு சொன்னது நீங்கள் ஒராள்தான்... அந்த நாளில இருந்து உங்களையேதான் நினைச்சுக்கொண்டிருக்கிறன். ஏசுவீங்கள் எண்டுதான் வந்தனான்.”

வெளியே, காலி நகருக்குப் போகும் பெருவீதியில் மழை இரைந்தது. அவன் பெட்டியை மூடினான்.

“நானும் அஞ்சு நாளா வாசலைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்...” ஷட்டரை இழுத்தான். “நடவுங்கோ. நானே வந்து மணியைக் கட்டிலில பூட்டித் தாறன். அம்மா அமத்தட்டும். ரெண்டு பேருமா நிண்டு கேப்பம்.”